தெலு வீட்டு இரட்டைப் பானை

எங்கள் ஊர்த் துணிச்செருப்புக்கு இடது வலது கிடையாது. இரண்டையும் ஒரே அட்டையை வைத்து வெட்டித் தைப்போம். எந்தக் காலில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். அப்படியும் பான் தெலு காலையில் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவான். பக்கத்து வீட்டில் முப்பது வருஷமாக இதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா தெலு. மாட்டிட்டுக் கிளம்பேன்."

"அது தெரியுது யான் அக்கா. நேத்து எதை எதுல போட்டேன்னுதான் தெரியல."

இதற்கு என்ன மருந்து கொடுப்பது? நான் ஹோங்நிவான் ஊருக்கு ஊசி போடுகிறவள். காய்ச்சலுக்கு மருந்து உண்டு, கட்டிக்கு மருந்து உண்டு. சந்தேகத்துக்கு என் பெட்டியில் ஒன்றும் கிடையாது. ஊர்த் தலைவர் தேர்தலில் இரண்டு பேருக்கும் கை தூக்கியவன் அவன். ஏனென்று கேட்டால், "ரெண்டு பேரும் நல்லவங்க மாதிரிதான் தெரியுது, ரெண்டு பேரும் மோசமாவும் தெரியுது" என்றான். அந்த இரண்டாவது பாதி உண்மைதான் என்பது வேறு கதை.

அவன் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியம் ஒன்று உண்டு. எழுபத்தைந்தாம் வருஷம், பனிக்காலம். தாவோ ஆற்றுக்கு மேலே இருக்கிற சரிவை வெட்டிப் படிப்படியாக வயலாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஊரே மண்வெட்டியோடு போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட மாதிரி, இரண்டாவது படியை வெட்டும்போது எலும்பும் பானையுமாக வந்தது. சிவப்பு மண் பானைகள், தோளில் கறுப்பும் சிவப்புமாகச் சுழிகள். எங்கள் ஊரில் அதற்குச் 'செத்தவங்க பானை' என்று பெயர். கையில் கிடைத்தால் அங்கேயே உடைத்துவிட்டு மூன்று முறை துப்ப வேண்டும். வாசலுக்குள் கொண்டுவந்தால் வீட்டுக்கு ஆகாது. அன்று அத்தனை பேரும் மண்வெட்டிக் காம்பால் அடித்து உடைத்தோம். நானும் ஏழெட்டு உடைத்தேன். பொய் சொல்வானேன், அந்தச் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தெலுவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வண்டி தள்ளுகிற வேலை. அவன் கையிலும் ஒரு முழுப் பானை கிடைத்தது. அவன் அதை உடைக்கவில்லை. தன் பஞ்சுக் கோட்டைக் கழற்றி அதில் சுற்றி, வெறும் சட்டையோடு அந்தக் குளிரில் இரண்டு மைல் நடந்து வீட்டுக்குப் போய்விட்டான். நெஞ்சுச்சளி கட்டி ஒன்பது நாள் படுக்கை. ஊசி போடப் போனால் பானை அவன் பக்கத்தில் போர்வைக்குள் படுத்திருந்தது.

"ஏன்டா, சாவை வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கே?"

"இங்க பாருங்க அக்கா. மூணு சுழி பெருசு பெருசா போட்டுட்டா. நாலாவதுக்கு இடம் பத்தல. இடுக்கி, சின்னதா கோணலா போட்டிருக்கா."

"யாருடா?"

"இதை வரைஞ்சவ. முன்னாடியே அளந்து பார்த்திருக்கலாம்ல? அவளும் என்னை மாதிரிதான் போல. குழம்பிட்டா."

காய்ச்சலில் உளறுகிறான் என்று நினைத்தேன். காய்ச்சல் இறங்கிய பிறகும் அதையேதான் சொன்னான். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி இடம் போதாமல் திண்டாடியது அவனுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஊரில் அவனைக் கிண்டல் செய்யாதவர்கள் யாருமில்லை. அந்தப் பானை ஒன்றுதான் அவன் பக்கம்.

அடுத்த வருஷம் மாகாணத் தலைநகர் லான்சோவிலிருந்து தோண்டிப் பார்க்கிற குழு வந்தது. நாங்கள் உடைத்துப் போட்டதையெல்லாம் பொறுக்கி மலைபோலக் குவித்துவிட்டு, ஓடுகளைக் கழுவி ஒட்ட ஆள் வேண்டும் என்றார்கள். வயலில் இருந்து ஒன்றுக்கும் உதவாத ஆளை அனுப்பலாம் என்று தெலுவை அனுப்பினார்கள். அங்கேதான் ஆச்சரியம். எந்த ஓடு எதோடு சேரும் என்று அவன் கைக்குத் தெரிந்தது. அவனைக் கேட்டால் தெரியாது. யோசிக்கவிட்டால் சொதப்புவான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கை அது பாட்டுக்கு எடுத்து ஒட்டும். இரண்டு வருஷத்தில் அறுபது பானைக்கு மேல் ஒட்டினான்.

வீட்டில் பானை வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று குழுவினர் அறிவித்தார்கள். அவனும் கொடுக்கத்தான் நினைத்தான். கொடுக்கலாமா, கொடுத்தால் இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்களா, கேட்டால் என்ன சொல்வது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் லாரி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

பிறகு குய்ரோங்கைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் அவனுக்கு நேர் எதிர். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிவெடுப்பாள், அது தப்பாக இருந்தாலும் கவலைப்பட மாட்டாள். செத்தவங்க பானையைப் பார்த்துப் பயப்படவும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து அதில் முட்டை போட்டு வைத்தாள். வருஷப் பிறப்பன்று முன்னோர்களுக்குப் படைக்கிற, ஆவியில் வேகவைத்த ரொட்டியில் ஒன்றைத் தெலு அந்தப் பானைக்கு முன்னாலும் வைத்துத் தலையைத் தரையில் முட்டிக் கும்பிடுவான்.

"யாரு வீட்டுப் பொணத்துக்கோ நம்ம வீட்டு ரொட்டி!" என்பாள் குய்ரோங். திட்டிக்கொண்டே ரொட்டியை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

எண்பதுகளில் அவனே பானை செய்ய ஆரம்பித்தான். முட்டைப் பானையின் அடியில் விரிசல் விட்டிருந்தது. செங்கல் பொடி கலந்த புது மண்ணை வைத்து அடைத்துப் பார்த்தான். ஒருநாள் இது முழுக்க உடைந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில், அதைப் பார்த்து இன்னொன்று செய்தான். ஆற்று மண்ணில் செங்கல் பொடி கலந்து, கயிறு மாதிரித் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, தேய்த்து, குழிச்சூளையில் சுட்டான். நாலாவது சுழியையும் அதே மாதிரி கோணலாகவே போட்டான்.

அதைப் பார்த்துக் கண் விரிந்தவன் குய்ரோங்கின் தம்பி சாங்கெங். எங்கள் வட்டாரத்தில் அவன் செய்யாத வியாபாரம் இல்லை, உருப்பட்ட வியாபாரமும் இல்லை. லான்சோவில் சுற்றுலாக் கடைகளுக்குப் பானை வாங்குகிற வியாபாரியைக் கூட்டிவந்தான். பழையதைப் பார்த்துச் செய்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒளிவுமறைவில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வியாபாரி வருவான், டஜன் டஜனாக எடுத்துப் போவான். பழசு போலத் தெரிய வேண்டும் என்று அவன் கேட்டதால் தெலு பழைய ஓட்டுப் பொடியைக் குழைத்து மேலே பூசுவான், டீத்தண்ணீர் ஊற்றுவான், காய்கறிப் பாத்தியில் ஆறு மாதம் புதைப்பான். பத்து வருஷத்தில் நானூறு பானையாவது செய்திருப்பான். ஒவ்வொன்றுக்கும் முட்டைப் பானையைத்தான் முன்னால் வைத்துக்கொள்வான்.

அதில் ஒன்று மட்டும் அச்சு அசலாக வந்தது. அதை விற்க மனமில்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். குய்ரோங் அதில் தினை விதை போட்டு வைத்தாள். முட்டை இருப்பது பழசு, தினை இருப்பது புதுசு. இந்த ஒரு விஷயத்தில் அந்த வீட்டில் யாருக்கும் குழப்பமில்லை, தெலுவுக்குக்கூட.

அதற்கும் வினை வந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கடைசியில், தூசி தட்டுகிற நாள். அன்று எங்கள் ஊரில் வீட்டுக்குள் ஒரு கரண்டிகூட இருக்காது, எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். குய்ரோங் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முட்டையையும் தினையையும் கூடைகளில் கொட்டிவிட்டு, பானைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். சாயங்காலம் எடுத்துவைக்கும்போது கை நின்றது.

"இங்க வாய்யா. முட்டைப் பானை எது?"

தெலு வந்தான். பார்த்தான். "இது" என்றான். குய்ரோங் முட்டையை அடுக்க ஆரம்பித்தாள். பாதியில், "இல்ல, அது" என்றான். அவள் எல்லாவற்றையும் எடுத்து மாற்றி அடுக்கினாள். அவன் வாயைத் திறந்தான். "இனிமே பேசினே, முட்டை உன் தலையிலதான்" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த முட்டைப் பானையைத்தான் தெலு துடைத்தான், அதற்குத்தான் ரொட்டி வைத்தான். சில நாள் தினைப் பானைக்கும் ஒன்று வைப்பான். எதற்கும் இருக்கட்டும் என்று.

தொண்ணூற்றாறு வசந்தத்தில் சாங்கெங் வந்தான். வாசலில் நின்ற தெலுவிடம், "அத்தான், தினைப் பானையை எடுத்துக்கறேன். லான்சோவுல ஒருத்தர் கேட்டாரு" என்று சொல்லித் தினையைச் சாக்கில் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனான். டவுன் பஸ் நிலையம் வரைக்கும்தான் போக முடிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். பஸ் வருகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மடியில் இருப்பது நாலாயிரம் வருஷத்துப் பானை, கல்லறையிலிருந்து எடுத்தது, ஒரு பெரிய புள்ளி வாங்கப் போகிறார் என்று அளந்துவிட்டிருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சாதா உடையில் இருந்த போலீஸ்காரர்.

விற்கும்போது அசல், பிடிபட்டதும் போலி. "ஐயா, சத்தியமா டூப்ளிகேட்டுங்க, எங்க அத்தான் செஞ்சது" என்று லாக்கப்பில் கத்திக்கொண்டிருந்தான். போலியை அசல் என்று விற்கப் பார்த்திருந்தால் பதினைந்து நாள் உள்ளே வைத்து விட்டுவிடுவார்கள். அசலாக இருந்தால் கல்லறைப் பொருளை விற்ற குற்றம், பத்து வருஷம்கூட ஆகலாம். சாங்கெங்குக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பெண்டாட்டி அடுத்ததைச் சுமந்துகொண்டிருந்தாள். பத்து வருஷமா, பதினைந்து நாளா என்பதைத் தெலுவின் வாய்தான் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு எத்தனை வாய் இருக்கிறது!

டிராக்டரில் போனோம். தெலு, குய்ரோங், கூட நான். குய்ரோங்குக்கு அதிர்ச்சி வந்தால் மயக்கம் வரும், அதனால் ஊசிப் பெட்டியோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வழி முழுக்க அவனுக்குப் பாடம் நடத்தினாள்.

"ஒரே வார்த்தை. 'நான் செஞ்சது'. அவ்வளவுதான். சொல்லு பார்ப்போம்."

"நான் செஞ்சது."

"அங்கயும் இப்படியே சொல்லணும். யோசிக்காதே."

ஸ்டேஷனில் பானையை மேசைமேல் வைத்திருந்தார்கள். கழுத்தில் சிவப்பு நூலில் அட்டை கட்டியிருந்தது. பண்பாட்டு அலுவலகத்திலிருந்து தெங் மேடம் வந்திருந்தார். நல்ல பெண்மணி, தடித்த கண்ணாடி, படித்தவர். பார்த்தால் அசல் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி தெலுவைக் கூப்பிட்டார்.

"இது நீ செஞ்சதா?"

"நான் செஞ்சது" என்றான் தெலு. குய்ரோங் மூச்சு விட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் கிட்ட வந்து பார்க்கலாமுங்களா?" என்று கேட்டான் பாவி.

பார்த்தான். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து மோந்தான். நாக்கை வைத்துப் பார்த்தான். தட்டிக் காதை வைத்துக் கேட்டான். அவன் முகம் மாறிக்கொண்டே போவதை நான் பார்த்தேன், குய்ரோங்கும் பார்த்தாள்.

"ஈரமானா பழைய மண் வாசனை வருதுங்க" என்றான்.

"அப்போ அசலா?"

"நான் பழைய ஓட்டுப் பொடிதான் பூசுவேன். அதனால நான் செஞ்சதுலயும் அந்த வாசனை வரும்."

"அப்போ போலியா?"

"நாலாவது சுழியோட வால் கொஞ்சம் இறங்கியிருக்கு. நான் இவ்வளவு இறக்க மாட்டேன்னு நினைக்கறேன். ஆனா இதைப் பார்த்துத்தானே நான் போட்டேன், அதனால இறக்கியிருக்கவும் செய்யலாம்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "ஒண்ணு அசல்னு சொல்லு, இல்ல போலின்னு சொல்லு. காகிதத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. உன் மூஞ்சிக்கு மூணாவது கட்டம் போட முடியாது."

தெங் மேடம் அடியைச் சுரண்டிப் பார்க்கலாம் என்றார். சுரண்டியதில் செங்கல் பொடி தெரிந்தது. குய்ரோங் துள்ளினாள். உடனே தெலு, "பழையதோட அடி விரிஞ்சப்ப நான்தாங்க அதே மண்ணை வச்சு அடைச்சேன்" என்றான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை. எது பொய் என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு!

வீட்டில் இருக்கிற ஜோடியைக் கொண்டுவா, லான்சோவுக்கு ஒரு கடிதமும் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் குய்ரோங் முட்டையைக் கூடையில் கொட்டினாள். பானையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"இதை உடை."

"என்னது?"

"அங்க இருக்கறதை உடைக்க விட மாட்டாங்க. இதை உடைக்க யாரைக் கேக்கணும்? நடுவுல உடைச்சா உள் மண்ணு தெரியும்ல? இது அசல்னா அது போலி. என் தம்பி வீட்டுக்கு வந்துடுவான்."

"இது அசலா இருந்தா உடைஞ்சு போயிடுமே!"

"அசலா இருந்தாத்தானே என் தம்பி பொழைப்பான்!"

தெலு என்னைப் பார்த்தான். அவள் சொன்னதில் தப்பில்லை. மச்சினனைக் காப்பாற்ற வேண்டுமென்றால், தான் உடைக்கப்போவது உண்மையான பானையாக இருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொள்ள வேண்டும். பானை பிழைக்க வேண்டும் என்று வேண்டினால் மச்சினன் போவான். சாமிகூட எதைக் கேட்பது என்று குழம்பிப்போகும் வேண்டுதல் இது.

மறுநாள் அந்தப் பானையோடு திரும்பவும் ஸ்டேஷனுக்குப் போனோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சிவப்பு நூல் இல்லாவிட்டால் போலீஸ்காரர்களுக்கே எது சாட்சிப் பொருள் என்று தெரிந்திருக்காது. உடைக்கக் கூடாது, இது அசலாக இருந்தால் நாட்டின் சொத்து என்று தெங் மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீயும் ஒளித்து வைத்ததற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். தெலு இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினான். லாக்கப் பக்கத்திலிருந்து, "அத்தான், என் பொண்ணை நெனைச்சுப் பாருங்க அத்தான்!" என்று சாங்கெங் குரல் வந்தது.

தெலு பானையைக் கட்டிப்பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விரித்தான்.

சிமென்ட் தரையில் அது பத்துப் பன்னிரண்டு துண்டாகப் போயிற்று. தெங் மேடம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தெலு குந்தி உட்கார்ந்து ஒரு தோள் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான். உடைந்த விளிம்பு முழுக்கச் செங்கல் பொடி, சிவப்புச் சிவப்பாக, கண்ணில் குத்துகிற மாதிரி. எனக்கே தெரிந்தது.

"இது என்னோடது" என்றான்.

குய்ரோங் அப்படியே சரிந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன். வீட்டில் இருந்தது போலி என்றால் மேசைமேல் இருப்பது அசல். சாங்கெங் கதை முடிந்தது. அதிகாரி காகிதத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு, மேசைமேல் இருப்பதைச் சோதனைக்கு லான்சோவுக்கு அனுப்புகிறோம், பதில் வந்ததும் வழக்கு மேலே போகும் என்றார்.

அடுத்த பதினோரு நாள் அந்த வீடு வீடாக இல்லை. குய்ரோங் சமைத்தாள், புளித்த கீரைத்தண்ணீரில் நூடுல்ஸ் போட்டு அவன் முன்னால் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சாங்கெங் பெண்டாட்டி வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். ஒருநாள் தெலு சுவரோரமாக என்னிடம் வந்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லு."

"உடைச்சுட்டுப் பார்த்தப்ப என்னோடதுன்னு தெரிஞ்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அது பொழைச்சுடுச்சு, போலீஸ்ல பத்திரமா இருக்குன்னு. அப்புறம்தான் சாங்கெங் ஞாபகம் வந்துச்சு. மொதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு அக்கா. நான் மனுசனா?"

எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை. இத்தனை வருஷம் இவனைக் கிண்டல் செய்த எங்கள்மேல். இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்கிற ஆள் எங்கள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் வாயில் வந்தது, "போய்ச் சாப்பிடுடா" என்பதுதான்.

பன்னிரண்டாம் நாள் லான்சோவிலிருந்து சோதனை முடிவு வந்தது. தெங் மேடமே ஜீப்பில் வந்து முற்றத்தில் நின்று படித்தார். அனுப்பிய பானை இருபது வருஷத்துக்குள் சுடப்பட்டது. புதுசு. சந்தேகமே இல்லை.

குய்ரோங் அதை மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு தெலுவின் முதுகில் ஓங்கி ஒரு குத்துவிட்டு, அதே முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள். பதினைந்து நாள் முடிந்து சாங்கெங் மொட்டைத் தலையோடு வெளியே வந்தான். அன்றே ஆடு வெட்டினார்கள்.

விருந்துக்கு நானும் போயிருந்தேன். சாங்கெங் பழையபடி ஆகிவிட்டிருந்தான், ஒருநாள்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை. வெள்ளைச் சாராயக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "என் அத்தான் கை இருக்கே, அது கையே இல்ல! ரெண்டுமே அவர் செஞ்சது, படிச்சவங்களே ஏமாந்து போனாங்க. கவர்மென்ட்டே சர்டிபிகேட் குடுத்திருக்கு! குடிங்க!" என்றான். எல்லோரும் சிரித்தோம். குய்ரோங் அவன் கிண்ணத்தில் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். தெலுவும் சிரித்தான். கறியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"ரெண்டுமே என்னோடதுன்னா, அது எங்க?" என்றான்.

"எது அத்தான்?"

"அது."

"ஐயோ, திரும்பவும் ஆரம்பிச்சுட்டாருடா!" என்று சாங்கெங் தொடையைத் தட்டினான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். தெலு எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானும் போனேன். முற்றத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன், கையை உருவிக்கொண்டான்.

"ஞாபகம் வந்துடுச்சு அக்கா. அந்தத் தூசி தட்டின நாளு மத்தியானம் வியாபாரி வந்தாரு. குய்ரோங் ஆத்துல துணி அலசப் போயிருந்தா. பன்னெண்டு பானை சொல்லியிருந்தாரு, நான் செஞ்சு முற்றத்துல வச்சிருந்தேன். இவ கழுவிக் கவுத்த ரெண்டும் அங்கயேதான் இருந்துச்சு. நான் பிரிச்சுத்தான் வச்சேன். பிரிச்சு வச்சேன்னுதான் நினைச்சேன்."

"சரி."

"பன்னெண்டையும் வரிசையா வச்சுப் பார்த்தாரு. பதினொண்ணு நல்லா இருக்குன்னாரு. ஒண்ணை மட்டும் தள்ளி வச்சாரு. 'தெலு, இது சரியா வரலையே. தடியா இருக்கு, நாலாவது சுழி ரொம்பக் கோணிக்கிட்டு இருக்கு, மத்தது மாதிரி இல்லையே'ன்னாரு."

உள்ளே யாரோ பாட ஆரம்பித்தார்கள். அவன் குரல் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"நானும் எடுத்துப் பார்த்தேன் அக்கா. நல்லாத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. 'ஆமாங்க, இது சரியா வரல, இதுக்குக் காசு வேண்டாம், சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னு நானே வைக்கோல் சுத்தி வண்டியில ஏத்தி விட்டேன்."

அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒரு தடவைகூடச் சந்தேகம் வரல அக்கா" என்றான்.